ஹாரனுக்குள் கேட்ட வாக்கியம்

மதியம் சாப்பாடு முடிந்த கையோடு எங்களுக்கு மெத்தடாலஜி, அதாவது ஆய்வு முறை வகுப்பு. ஹாஸ்டல் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திருப்பதி வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தால், மேலே சுற்றும் மின்விசிறியே தாலாட்டுப் பாட ஆரம்பித்துவிடும். ஜன்னலில் மலை தெரியும். முதல் வாரம் மலையைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டவர்கள் எல்லாம் இரண்டாவது மாதத்தில் அதைப் பார்த்தே கொட்டாவி விட்டோம். எம்.ஏ. மொழிபெயர்ப்பியலில் மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேருக்கு வீட்டுமொழி தெலுங்கு. எனக்கு மட்டும் தமிழ். அதனால் சேர்ந்த மூன்றாம் நாளே என் பெயர் காணாமல் போய் நான் 'அரவம்' ஆகிவிட்டேன். தமிழைத் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள். சிலர் கேலியாகச் சொன்னார்கள், சிலர் பழக்கத்தில் சொன்னார்கள். நான் வித்தியாசம் பார்க்காமல் எல்லோரிடமும் சண்டைக்குப் போனேன்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைப்புகள் ஆங்கிலத்தில், விளக்கம் தெலுங்கில், ஓரத்தில் என் சந்தேகங்களும் முணுமுணுப்பும் தமிழில். 'ஹைபாதிசிஸ்', அதாவது கருதுகோள் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் 'முன்னாடியே முடிவு பண்ணிட்டா அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?' என்று எழுதியிருக்கிறேன். இப்போது அதே ஊரில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நானே நடத்துகிறேன். பிள்ளைகள் நோட்டு எடுப்பதில்லை, போர்டை போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்கட்டும். ஆனால் எனக்கு அந்த மூன்று மொழி நோட்டின் மீது இருக்கிற ஆசை அவர்களுக்கு எதன் மீது வரப்போகிறது என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

மெத்தடாலஜி சார்தான் எனக்கு கைடாகவும் இருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு கலரில் பேனா வைத்திருப்பார். ஆய்வு செய்கிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது ஒன்று எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. "நாற்காலி மாதிரி இருக்கணும். நாற்காலி ரூமில் இருக்கும், எல்லாருக்கும் தெரியும், ஆனா வாயைத் திறக்காது." அவர் இதைத் தெலுங்கில்தான் சொன்னார். நான் இப்போது தமிழில் எழுதுகிறேன். எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் தமிழாக்கிக்கொள்கிற இந்தக் கோளாறு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஆய்வேட்டுக்கு மற்றவர்கள் எல்லாம் நாவலும் கவிதையும் எடுத்தார்கள். நான் எடுத்தது அர்ஜி. எங்கள் பக்கத்தில் மனுவை அப்படித்தான் சொல்வோம். சித்தூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறை கேட்கும் நாள். எல்லையோரத் தமிழ்க் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வாசலில் இருக்கிற ஆளிடம் தமிழில் குறையைச் சொல்வார்கள், அவர் அதைத் தெலுங்கில் எழுதித் தருவார். வாயால் சொன்னது காகிதத்துக்குப் போகும்போது எதெல்லாம் உதிர்கிறது? இதுதான் என் கேள்வி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சார் கேட்டார், "உனக்கு யார் மேலாவது கோபம் இருக்கா?" இல்லை என்று பொய் சொன்னேன்.

கோபம் இருந்தது. எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்தைத் தாண்டி, பஸ் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கிற இடம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்குத் தெலுங்கு தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது வியாபாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான், அப்படிப் பேசுவார். ஆனால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள், அந்த ஆளின் கையில் ஒரு பேனா, இவ்வளவு இருந்தால் போதும், நைனாவுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பிலிருந்து மண்டல ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் அவருக்காகப் பேசியது நான்தான். நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு வருஷம், எங்கள் கழனிக்குக் கரண்ட் வருகிற டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் இரண்டு மாதம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. நைனா தனியாகச் சித்தூர் போய் அர்ஜி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

லீவில் வந்தபோது அதன் ஜெராக்ஸைப் படித்தேன். மண்டலம், கிராமம், சர்வே நம்பர், 'ஆகையால் தயைகூர்ந்து'. அவ்வளவுதான். வீட்டில் தினமும் சாயங்காலம் காய்ந்த பயிரைப் பார்த்துவிட்டு வந்து நைனா சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "உங்க புள்ள தண்ணி தண்ணின்னு அழுதா, இப்டிதான் பாத்துக்கினு நிப்பீங்களாடா?" என்று, எதிரில் இல்லாத அதிகாரியைப் பார்த்துக் கேட்பார். அந்த வாக்கியம் அர்ஜியில் இல்லை. யாரோ அதை முழுங்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுதிக் கொடுத்த ஆளைப் பார்க்காமலே எதிரியாக்கிக்கொண்டேன். அன்றைக்கே என் ஆய்வின் முடிவு எழுதியாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. விடிந்ததும் திருப்பதியில் பஸ் ஏறி, தூங்கி வழிந்து, புத்தலப்பட்டு வந்ததும் விழித்து, நோட்டில் தேதி போட்டு, போனில் சார்ஜ் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வேன். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தில் ஒரு கறுப்புக் குடையைக் கட்டிவைத்து, அதன் கீழ் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். நைனாவுக்கு அர்ஜி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மடியில் பலகை, பலகையில் கிளிப், கிளிப்பில் வெள்ளைத்தாள். தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது தெலுங்குதான். நான் சண்டைக்காரி மாதிரி போய் நின்றேன். அவர் பக்கத்துக் கடையில் ஒரு முக்காலி வாங்கிப் போட்டு உட்காரச் சொன்னார். "என்னைப் பத்தி என்ன எழுதப்போறே?" என்று கேட்டார். உங்கள் வேலையைப் பற்றி என்றேன். "எழுத்து குண்டு குண்டா இருக்கும்னு எழுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிறவர்களிடம் சம்மதம் கேட்டு, பேசுவதைப் போனில் பதிவுசெய்து, எழுதிய அர்ஜிக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினெட்டு. நான் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு பாட்டி தன் கதையைச் சொல்லும்போது என்னைப் பார்த்து "நீயே சொல்லேன் தாயி" என்று கெஞ்சியபோதும் நாற்காலியாகவே இருந்தேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஒன்பதாவது ஆள் நைனா. டிரான்ஸ்பார்மர் மறுபடியும் எரிந்திருந்தது. நட்டு ஒரு மாதம் ஆன பயிர். நான் இருக்கிற திங்கட்கிழமையாகப் பார்த்து வரச்சொன்னேன். பேச்சாளர் என் அப்பா என்று சாரிடம் சொல்லவில்லை. 'விவசாயி, ஆண், ஐம்பத்தைந்து வயது' என்று மட்டும் எழுதினேன்.

பிறகு ஹாஸ்டலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுத்தாக்கினேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன். சொன்னது, எழுதியது, விடுபட்டது. நைனாவின் பக்கத்தில் மூன்றாவது பத்தியில் அந்த வாக்கியத்தை முழுசாக எழுதி அடிக்கோடு போட்டேன். துறைக் கருத்தரங்கில் அதைத் தமிழிலேயே வாசித்துவிட்டுத் தெலுங்கில் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் உன் ஆய்வேட்டின் உயிர்" என்றார். அன்றைக்கு கேன்டீனில் பத்துப் பேரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். 'அரவம்' என்று கூப்பிட்டதற்குக்கூட நான் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆய்வேட்டை ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது சார் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பதிவில் ஒரு பகுதியை வேறு யாராவது கேட்டு, எழுத்துப்படியோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். "கிளாஸ்ல வேற யாருக்கு சார் தமிழ் தெரியும்?" என்றேன். "தெரியாதவங்களும் கேக்கலாம். எங்க பேச்சு வருது, எங்க நிக்குதுன்னாவது பாப்பாங்க" என்றார். வெட்டி வேலை என்று முனகிக்கொண்டே வந்தேன்.

என் அறைத்தோழி, வகுப்பிலும் கூடப் படிக்கிறவள், கடப்பாக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். போனையும் ஹெட்போனையும் ஒன்பதாவது எழுத்துப்படியையும் கொடுத்து, சும்மா காதில் மாட்டிக்கொண்டு டிக் போடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏய் அரவம், இது தமிழ்னு சொன்னியே?"

"தமிழ்தான்."

"எனக்குப் பாதிக்கு மேல புரியுதே. இவர் தெலுங்குல இல்ல பேசறார்?"

நான் அவளிடமிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டேன். நைனாவின் குரல். திக்கித் திக்கி, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி, அந்த அம்மாவிடம் தெலுங்கு பேசிக்கொண்டிருந்தது. இடையிடையே தமிழ். நான் அத்தனையையும் சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் எழுதியிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. நைனாவின் குரல் என் காதில் விழுந்தால் அது தமிழாகத்தான் விழும். மொழிபெயர்ப்புப் படிக்க வந்தவள், மொழிபெயர்க்கிறோம் என்பதே தெரியாமல் மொழிபெயர்த்திருக்கிறேன்.

கடப்பாக்காரி விடவில்லை. எழுத்துப்படியில் அடிக்கோடு போட்ட வரியில் விரலை வைத்தாள். கருத்தரங்கில் கேட்டு அவளும் கண் கலங்கிய வரி அது. "இது எங்க வருது?"

"அந்த ஹாரன் அடிக்குதே, அங்க."

"ஹாரன்தான் அடிக்குது. வேற ஒண்ணும் இல்லியே."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். பஸ் ஹாரன் நீளமாக அடிக்கிறது. அது ஓய்ந்த பிறகும் யாரும் பேசவில்லை. நைனா ஒரு தடவை இருமுகிறார். மொத்தம் பன்னிரண்டு விநாடி. அந்த ஹாரன் சத்தத்துக்குள் நைனா அதைச் சொன்னார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. வீட்டில் நூறு தடவை கேட்ட பேச்சு. அதை அந்த இடத்தில் நானே வைத்திருக்கிறேன். இருமலுக்குப் பிறகு அந்த அம்மா கேட்கிறார், "இன்கேமன்னா உந்தா?" வேறு ஏதாவது இருக்கிறதா என்று. நைனா சொல்கிறார், "அந்தே, மேடம்." அவ்வளவுதான் என்று.

அந்தக் கேள்வி என் எழுத்துப்படியில் இல்லை. சம்பிரதாயப் பேச்சு என்று வெட்டியிருந்தேன்.

"நான் டிக் போட்டுடறேன்" என்றாள் கடப்பாக்காரி. "யாரு இதைப் போய்க் கேக்கப்போறாங்க?" அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைத் திருடி என்று நினைத்தாயா என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கத்தியதற்குக் காரணம் அவள் சொன்னது இல்லை. அவள் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதே யோசனை வந்திருந்ததுதான் காரணம்.

அந்த இரண்டு நாளில் மீதிப் பதினேழையும் கேட்டேன். ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அந்த அம்மா அதைக் கேட்டிருக்கிறார். பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "இன்கேமன்னா உந்தா?" எல்லா இடத்திலும் நான் அதை வெட்டியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் "அந்தே" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முழுங்கியது யார் என்று தேடிக்கொண்டு மாதக்கணக்கில் பஸ் ஏறியவள், முக்காலி போட்டுக் கொடுத்த ஒரு மனுஷியின் பேச்சைத் துடைத்துவிட்டு அவர் மீதே பழியைப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்தால் என் ஆய்வேட்டில் பாதி சரிந்துவிடும். எடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது, பட்டம் கையில் வந்துவிடும்.

மூன்றாம் நாள் சாரிடம் போய்ச் சொன்னேன். பேச்சாளர் என் நைனா என்பதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நான்கு பேனாவையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, திரும்பப் பையில் சொருகிக்கொண்டார்.

"எல்லாரையும் கேட்டே. அவரைக் கேட்டியா?"

"எதை சார்?"

"அந்தப் பன்னிரண்டு செகண்டுல என்ன நடந்துதுன்னு. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவர் ஊர்ல இருக்காரு இல்ல? போய்க் கேட்டுட்டு வா. இதுக்கும் நம்ம பாடத்துல இடம் இருக்கு."

இரண்டு வாரம் அவகாசம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார். அதிலும் இரண்டு பிழை இருந்தது, சிவப்புப் பேனாவால் திருத்தினார்.

புத்தூர் வழியாக ஊருக்குப் போனேன். நைனா மோட்டார் ரூம் பக்கத்தில் வரப்பில் குந்தியிருந்தார். டிரான்ஸ்பார்மர் ஒரு வழியாக வந்திருந்தது, ஆனால் அந்தப் போகம் போய்விட்டது. காய்ந்ததை அறுத்து மாட்டுக்குப் போட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் போட்டேன்.

"என் கொரலு இப்டியா கீது?" என்று முதலில் சிரித்தார். "இன்னாத்துக்கு இப்டி இழுக்கறேன்?"

"நைனா, நீ தெலுங்குல பேசற, பாத்தியா?"

"போ பாப்பா, தமிழ்லதான பேசினேன்." காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "அட, ஆமா" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஹாரன் வந்தது. இருமல் வந்தது. 'அந்தே, மேடம்' வந்தது. நான் நிறுத்தினேன்.

"நைனா, ஊட்ல சொல்லுவியே, உங்க புள்ள தண்ணி தண்ணின்னு அழுதான்னு. அத இங்க சொன்னியா நீ?"

"இல்ல."

"ஏன் சொல்லல? அந்தம்மா கேட்டாங்களே, வேற எதுனா கீதான்னு."

நைனா போனை என் கையில் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. கழனி வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

"நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த. எப்பவும் நீதான பேசுவ. நீ சொல்லுவன்னு உன் மூஞ்சியயே பாத்துக்கினு இருந்தேன். நீ போனப் புடிச்சிக்கினு கம்முனு இருந்த. சரி, பெரிய படிப்பு படிக்கிற பொண்ணு, அதெல்லாம் இங்க சொல்லக்கூடாது போல கீதுன்னு நெனச்சி, அந்தேன்னுட்டேன்."

எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அந்தப் பன்னிரண்டு விநாடியும் நான் போன் திரையில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் பதிவைக் கெடுத்துவிடுமோ என்பதுதான் அப்போது என் கவலை. நைனாவின் பக்கம் நான் தலையைத் திருப்பவே இல்லை. வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டும் அழுதேன். அவர் எதற்கென்று தெரியாமல், "போகம் போனா இன்னொண்ணு வெக்கலாம் பாப்பா" என்று என்னைத் தேற்றினார்.

பதினெட்டையும் முதலிலிருந்து எழுதினேன். கடப்பாக்காரி ஒரு கட்டிலில், நான் ஒரு கட்டிலில், அவள் தெலுங்கைப் பிடிப்பாள், நான் தமிழைப் பிடிப்பேன். அந்த அம்மாவின் கேள்வி எல்லா இடத்திலும் திரும்ப வந்தது. ஆய்வேடு மெலிந்துபோய், முன்பு போல் யாரையும் கண் கலங்க வைக்காத ஒன்றாக முடிந்தது. ஒன்பதாவது எழுத்துப்படியில் அடிக்கோடு போட்ட வரி இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'ஹாரன். மௌனம், பன்னிரண்டு விநாடி. பேச்சாளர் ஆய்வாளரைப் பார்க்கிறார். ஆய்வாளர் பேசவில்லை.'

'ஆய்வாளர்' என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதத்தான் எனக்குக் கை வந்தது. மெத்தடாலஜி ஒத்துக்கொள்ளாது என்று விட்டுவிட்டேன். இன்று என் மாணவி ஒருத்தி அப்படி எழுதிக்கொண்டு வந்தால், நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.